கதிருக்கு: ஸ்பீக்கர் வாங்கும் முன்

பூம்புகார்,
சித்திரை 22

அன்புள்ள மாப்பிள்ளை கதிருக்கு,

மாமா எழுதுவது. அக்காவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது.

பெரும்பாக்கத்தில் புது வீடு குடிபோன சந்தோஷம் உன் எழுத்திலேயே தெரிந்தது. ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்க 3 லட்சம் ஒதுக்கியிருக்கிறேன், உலகத்தில் பேர் வாங்கியவற்றில் எது உண்மையிலேயே நல்லது, ஏன் நல்லது, நீங்கள் சொன்னால்தான் வாங்குவேன் என்று கேட்டிருக்கிறாய். போனில் சொல்லித் தீராது. விடுமுறை நாளாகப் பார்த்து நிதானமாகப் படி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கர் வாத்தியம் அல்ல. வாத்தியத்துக்குச் சொந்தக் குரல் வேண்டும். ஸ்பீக்கருக்கு அது இருக்கவே கூடாது. ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடும் ஸ்பீக்கர்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் தங்களை மறைத்துக்கொள்ளத் தெரிந்தவை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் உனக்கே விளங்கிவிடும்.

நம்ம பக்கத்து நாயனத்தையே எடுத்துக்கொள். மாயூரத்திலிருந்து கும்பகோணம் போகிற வழியில் நரசிங்கன்பேட்டை இருக்கிறதே, அங்கே ஆச்சா மரத்தில்தான் கடைகிறார்கள். பச்சை மரம் ஆகாது. இடித்த பழைய வீடுகளில் தூணும் உத்தரமுமாக இருந்து வருஷக்கணக்கில் காய்ந்த மரமாகப் பார்த்து எடுப்பார்கள். உள்துளையின் சரிவு, அடியில் அனசு, மேலே நாணல் சீவாளி இத்தனையும் பொருந்தி வந்தால்தான் அந்தக் குரல் பிறக்கும். 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குரலுக்காகத்தான் நாயனத்தைத் தேடிப் போகிறோம்.

ஸ்பீக்கர் பெட்டிக்கு வேலை நேர் எதிரானது. அதன் பலகை பாட்டோடு சேர்ந்து அதிர்ந்தால், பாடகர் நிறுத்திய பிறகும் அது கொஞ்ச நேரம் முணுமுணுக்கும். மதுரை சோமு பாடினாலும் ஜானகி பாடினாலும் அதே முணுமுணுப்பு கூடவே வரும். கடைக்குப் போனதும் பெட்டியின் பக்கப் பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார். ‘டொங்’ என்று இழுத்தால் விட்டுவிடு. ‘டக்’ என்று அங்கேயே அடங்கினால் மேற்கொண்டு பேசு.

இந்த முணுமுணுப்பை விடாப்பிடியாக ஆராய்ந்தவர்கள் லண்டன் பி.பி.சி.யின் ஆராய்ச்சிப் பிரிவுக்காரர்கள். ஸ்டுடியோவில் ஒருவர் பேசுவார். வேறொரு அறையில் அதே குரல் ஸ்பீக்கர் வழியாக வரும். நேரில் கேட்ட குரலையும் ஸ்பீக்கரில் வந்த குரலையும் ஒப்பிட்டு, எங்கே பிசகுகிறது என்று தேடுவார்கள். அதற்குப் பேச்சுக் குரலை எடுத்துக்கொண்டது பெரிய புத்திசாலித்தனம். மனிதக் குரல் எப்படி இருக்கும் என்று காதுக்குப் பிறந்த நாள் முதல் தெரியும். கொஞ்சம் மூக்கடைத்தாலும், கொஞ்சம் நெஞ்சில் கனத்தாலும் உடனே கண்டுபிடித்துவிடும். பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் அவர்கள் கண்டது வேறு மாதிரி. பலகையை மேலும் மேலும் தடிமனாக்குவதைவிட, மெல்லிய பிர்ச் ப்ளைவுட்டில் செய்து உள்பக்கம் தார் கலந்த தகட்டை ஒட்டி அதிர்வை அடக்குவதே மேல் என்றார்கள். இந்த ஆராய்ச்சியில் முக்கியமானவரான டட்லி ஹார்வுட் 1977-ல் தானே ஹார்பெத் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அதே பி.பி.சி.யில் வேலை பார்த்த ஸ்பென்சர் ஹியூஸ் தொடங்கியது ஸ்பெண்டர். இந்த இரண்டு பெயரும் இன்றைக்கும் ரசிகர்கள் வாயில் அடிபடுவதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

பி.பி.சி.யின் அந்தப் பட்டறையிலிருந்து 1970-களில் வந்ததுதான் எல்.எஸ்.3/5ஏ என்ற ஸ்பீக்கர். நீ எழுதிய பட்டியலில் அதன் வாரிசு ஒன்று இருக்கிறது. உயரம் சுமார் 30 செ.மீ., அகலம் 19, ஆழம் 16. வெளியூர் ஒலிபரப்புக்குப் போகிற வேனுக்குள் வைத்து, குரல் சரியாகப் பதிவாகிறதா என்று பார்க்கச் செய்த பெட்டி. உள்ளே கெஃப் கம்பெனியின் ஒரு சின்ன வூஃபர் கீழ்ச் சுரங்களுக்கு, ஒரு ட்வீட்டர் மேல் சுரங்களுக்கு, அவ்வளவுதான். ட்வீட்டரைச் சுற்றி நாலு பக்கமும் கம்பளிப் பட்டை ஒட்டியிருக்கும். சத்தம் பெட்டியின் விளிம்பில் பட்டுத் தெறித்துக் குழப்பக் கூடாது என்பதற்காக. பேஸ் அதிகம் வராது. சத்தமும் ஓரளவுக்கு மேல் போகாது. ஆனாலும் அதில் ஒருவர் பேசினால், பெட்டிக்குப் பின்னால் ஆள் நிற்கிறாரோ என்று தோன்றும். அரை நூற்றாண்டு ஆகியும் அதைப் பல கம்பெனிகள் மறுபடி மறுபடி செய்து விற்பது இந்த ஒரு குணத்துக்காகத்தான்.

குரல் இருக்கிற நடுப்பகுதிதான் சங்கீதத்தின் உயிர் என்பதற்கு நம்ம பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, ஒரு பக்கத்துக்கு மூன்று மூன்றரை நிமிஷமே கொள்கிற 78 சுழற்சி இசைத்தட்டில் பதிவானது. அதில் அடி பேஸும் கிடையாது, உச்சியில் மினுமினுப்பும் கிடையாது. அவர் 1956-ல் மறைந்துவிட்டார். இன்றைக்கும் அந்தத் தட்டைப் போட்டால் டெல்டா ஜனங்கள் கண் கலங்கி உட்காருகிறார்கள். நடுப்பகுதி ஒழுங்காக வந்தால் மனசு மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளும். நடுப்பகுதி கெட்டால் மேலேயும் கீழேயும் எவ்வளவு கொட்டினாலும் அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும்.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ரைஸும் கெல்லாகும் 1925-ல் வெளியிட்ட அமைப்புதான் அடிப்படையில் இன்றைக்கும் நடக்கிறது. காந்தத்தின் இடுக்கில் ஒரு செம்புக் காயில். அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு. மின்சாரம் முன்னும் பின்னும் போகப் போக கூம்பும் முன்னும் பின்னும் போய்க் காற்றைத் தள்ளும். கேட்க எளிதாக இருக்கிறது. சங்கடம் ஒலி அலையின் அளவில் இருக்கிறது. ஒலி அலையின் நீளம் 100 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். 10,000 ஹெர்ட்ஸில் மூன்றரை சென்டிமீட்டர். ஒரே கூம்பு இரண்டுக்கும் ஈடு கொடுப்பது கஷ்டம். பெரிய கூம்பு மேல் சுரங்களை டார்ச் வெளிச்சம் மாதிரி நேராக மட்டும் அடிக்கும்; சின்னக் கூம்பால் கீழ்ச் சுரங்களுக்கு வேண்டிய காற்றைத் தள்ள முடியாது. சுரம் ஒரு ஸ்தாயி இறங்கினால், அதே சத்தத்துக்குக் கூம்பு நாலு மடங்கு தூரம் ஆட வேண்டும். அதனால்தான் வூஃபர் தனி, ட்வீட்டர் தனி. நடுவில் காயிலும் கண்டென்சரும் கொண்ட கிராஸ்ஓவர் இரண்டுக்கும் பாகம் பிரித்துக் கொடுக்கிறது. இந்தப் பாகப்பிரிவினை நடக்கும் இடம் பெரும்பாலும் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வாக்கில் வரும். நம் காது மிகக் கூர்மையாக இருப்பதும், நாயனத்தின் காரம் இருப்பதும் அந்த வட்டாரத்தில்தான். மலிவான பெட்டியில் நாயனம் காதைக் குத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கே தையல் சரியில்லாததுதான். பழி மட்டும் நாயனத்தின் மேல் விழுகிறது.

பேஸுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இரண்டும் கலந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். பெட்டி வேண்டியிருப்பது முதலில் அதற்காகத்தான். அந்தக் காலத்தில் பேஸ் வேண்டும் என்றால் பீரோ அளவுப் பெட்டி வேண்டும். 1954-ல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் தன் ஏ.ஆர். கம்பெனியில் சின்னப் பெட்டியை இறுக்கி மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தினார். காற்று எந்தப் பக்கம் அழுத்தினாலும் ஒரே சீராக எதிர்க்கும். ரப்பரும் துணியும் அப்படி எதிர்க்காது. அலமாரியில் வைக்கிற அளவுக்குப் பெட்டி சுருங்கியது, பேஸும் சுத்தமாக வந்தது. உன் வீட்டில் நிற்கப்போகிற பெட்டியும் அந்த யோசனைக்குக் கடன்பட்டதுதான். பெட்டியில் ஓட்டை விட்டு, உள்காற்றையும் பேஸுக்கு வேலை வாங்குகிற வகையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும் அதற்குக் கணக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான் அது குருட்டு வேலையாக இல்லாமல் போனது.

பெட்டியால்தானே தொல்லை, பெட்டியே வேண்டாம் என்றவர் பீட்டர் வாக்கர். 1957-ல் அவருடைய குவாட் கம்பெனி விற்பனைக்கு விட்ட எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரில் கூம்பும் இல்லை, காயிலும் இல்லை. துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறியிருக்கும். தாள் முழுவதும் ஒரே நேரத்தில் அசையும். எடையே இல்லாததால் சட்டென்று கிளம்பும், சட்டென்று நிற்கும். தம்பூராவின் ஜீவா இழை பேசுவதைத் துல்லியமாகக் கேட்க வேண்டும் என்றால் அதற்கு ஈடு குறைவு. புனேயில் கேடன்ஸ் கம்பெனி இந்த முறையில் மேல் சுரங்களுக்கு எலக்ட்ரோஸ்டாட்டிக்கும் பேஸுக்குச் சாதாரண வூஃபரும் வைத்து ஸ்பீக்கர் செய்து வெளிநாட்டிலும் பேர் வாங்கியது. உயர்ந்த வோல்டேஜும் ஈரக்காற்றும் தூசியும் ஒத்துப்போகாது. இங்கே பூம்புகாரில் இரும்புக் கேட் இரண்டு மழைக்காலம் தாங்குவதே பெரிது. நீயும் கடலிலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை. அதனால் இந்த வகையை ஆசையாகக் கேட்டுவிட்டு வா, வாங்காதே.

மூன்றாவது குடும்பம் நமக்கு நன்றாகத் தெரிந்தது. சித்திரைப் பௌர்ணமி இந்திர விழாவுக்குக் கடற்கரையில் மைக் செட்காரர் கட்டுகிற குழாய்தான். சின்ன யூனிட்டுக்கு முன்னால் விரிந்துகொண்டே போகிற கூம்பு இருப்பதால், கொஞ்சம் மின்சாரத்தில் ஊரையே எழுப்பும். அறுவடை முடிந்த வயலுக்கு அப்பால் விடியற்காலையில் கல்யாண வீட்டுப் பாட்டு மைல் கணக்கில் வந்து சேர்வதை நீயே சின்ன வயதில் கேட்டிருக்கிறாய். தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று சத்தத்தை மேலே தப்ப விடாமல் கீழே வளைக்கிறது. அந்தக் குழாய்க்குப் பேஸும் கிடையாது, உச்சியும் கிடையாது. எட்டுவதுதான் அதன் வேலை. அதே தத்துவத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் பால் கிளிப்ஷ். அமெரிக்காவில் ஹோப் என்ற ஊரில் 1946-ல் கம்பெனி தொடங்கி அவர் செய்த கிளிப்ஷ்ஹார்ன், அறையின் மூலையில் நிற்கும். இரண்டு சுவர்களையுமே தன் குழாயின் நீட்சியாக ஆக்கிக்கொள்ளும். இன்றைக்கும் உற்பத்தியில் இருக்கிறது. ஒரு வாட் கொடுத்தால் கம்பெனிக் கணக்குப்படி 105 டெசிபலை ஒட்டிச் சத்தம் வரும். எல்.எஸ்.3/5ஏ அதே ஒரு வாட்டில் 83-ஐ ஒட்டித்தான் தரும். அதாவது கிளிப்ஷ்ஹார்ன் அளவுக்குச் சத்தம் வேண்டும் என்றால் நூறு மடங்குக்கும் மேல் பவர் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அந்தச் சின்ன வூஃபர் தாங்காது.

தவில் தெரிந்தவனுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். வலந்தலையில் கூடு போட்ட விரல் விழுகிற அந்த முதல் கணம், பூவரசங் கழி தொப்பியில் இறங்குகிற அறை, இரண்டும் ஒரு கணத்தில் உச்சிக்கு எழும்பி அடங்கும். சின்னப் பெட்டி அந்த உச்சியை வெட்டிவிடும். தாளம் புரியும், உடம்பில் அடி விழாது. குழாய் வகை அந்த அடியைத் தரும். கொச்சியில் கட்டடக் கலைஞரான ஜேக்கப் ஜார்ஜ் செய்கிற ரெத்ம் ஸ்பீக்கர்கள் இந்த உயிர்ப்பைத் தேடிப் போனவைதான். நடுவும் மேலும் கிராஸ்ஓவர் வெட்டு இல்லாமல் ஒரே யூனிட்டில் வரும். பேஸை அதற்கென்று உள்ள ஆம்ப் பார்த்துக்கொள்ளும். கேரளத்தில் செய்து உலகக் கண்காட்சிகளில் நிற்கிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆக, சின்னப் பெட்டிக்காரர்கள் குரலின் உண்மையைக் காப்பாற்றுகிறார்கள். எலக்ட்ரோஸ்டாட்டிக்காரர்கள் நுணுக்கத்தைக் காப்பாற்றுகிறார்கள். குழாய்க்காரர்கள் உயிர்ப்பைக் காப்பாற்றுகிறார்கள். ஒவ்வொருவரும் ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை விட்டுக்கொடுக்கிறார்கள். உலகத்திலேயே சிறந்தது எது என்ற கேள்விக்குப் பதில் இல்லாதது இதனால்தான். நீ எதை விட்டுக்கொடுக்க மாட்டாய் என்பதுதான் கேள்வி. உன்னைத் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நீ குரலை விட மாட்டாய்.

அப்படியானால் கடையில் எப்படித் தேர்ந்தெடுப்பது? கனடாவில் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் ஃப்ளாய்ட் டூல் என்ற விஞ்ஞானி 1980-களில் ஒரு நல்ல காரியம் செய்தார். ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்து, சத்தத்தைச் சமமாக்கி, கேட்கிறவர்களிடம் மார்க் போடச் சொன்னார். பெயரும் விலையும் தெரியாதபோது பெரும்பாலானவர்கள் ஒரே மாதிரி ஸ்பீக்கர்களைத்தான் விரும்பினார்கள்: எந்தச் சுரத்தையும் தூக்காமல் அமுக்காமல், நேராகக் கேட்டாலும் பக்கவாட்டில் கேட்டாலும் ஒரே சீராகக் கொடுப்பவை. பின்னாளில் ஹார்மன் கம்பெனியில் அவர் ஷான் ஆலிவோடு சேர்ந்து செய்த சோதனையில், ஸ்பீக்கரைக் கண்ணால் பார்த்ததும் மார்க்குகள் மாறின. அளவும் அழகும் பெயரும் காதுக்குள் புகுந்துவிடுகின்றன. பக்கவாட்டுச் சீர் ஏன் முக்கியம் என்றால், வீட்டில் நீ கேட்பதில் பெரும்பங்கு சுவரில் பட்டுத் திரும்பி வருகிற சத்தம். நேராக நன்றாகவும் ஓரத்தில் கோணலாகவும் கொடுக்கிற ஸ்பீக்கர், சுவர் வழியாகக் கெட்ட செய்தியைச் சொல்லி அனுப்பும்.

நீயும் அதையே செய். கடைக்குப் போகும்போது ஒரு மெல்லிய மல் வேட்டியைக் கையோடு எடுத்துப் போ. நீ ஒப்பிடுகிற மூன்று ஜோடிக்கும் முன்னால் அதைத் திரையாகப் பிடிக்கச் சொல். மெல்லிய பருத்தித் துணி சத்தத்தை அநேகமாகத் தடுக்காது. தடுத்தாலும் மூன்றுக்கும் ஒரே அளவுதான். ஸ்பீக்கர் மாறும்போது சத்தத்தைச் சமமாக்கச் சொல்ல மறக்காதே. கொஞ்சம் கூடுதலாக வைத்ததே நல்லது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். கடைக்காரர் போடுகிற பாட்டைக் கேட்காதே. அது அந்தப் பெட்டிக்கு இசைந்த பாட்டாக இருக்கும். நான் சொல்வதைப் போடு.

முதலில் பேச்சு. 2022-ல் மறைந்த சரோஜ் நாராயணசுவாமியின் ஆகாசவாணிச் செய்தி வாசிப்பு ஏதாவது எடுத்து வை. அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர் உன் அம்மா. அவரையும் கூட்டிப் போ. அந்தக் கணீர் வராமல் டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தால் அக்கா உடனே சொல்லிவிடுவார். அடுத்து, 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனமும் போட்டி போடுகிற ‘சிங்காரவேலனே தேவா’. ஒரு நல்ல ஸ்பீக்கரில் நாயனம் ஏறும்போது ஜானகியின் குரல் மெலியாது. இரண்டும் ஒட்டியே ஓடும், ஆனால் எது எது என்று குழம்பாது. நாயனம் கூசினாலோ குரல் பின்வாங்கினாலோ கிராஸ்ஓவரில் கோளாறு. மூன்றாவது, பாலக்காடு மணி அய்யரின் மிருதங்கத் தனி ஆவர்த்தனம். தொப்பியில் அவர் கும்கி கொடுக்கும்போது சுரம் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எல்லா அடியும் ஒரே ‘தொம்’ ஆகக் கேட்டால் அது பெட்டியின் சொந்தச் சத்தம். பேஸ் நிறைய வருகிறது என்று கடைக்காரர் பெருமைப்படுவார். நிறைய வருவது வேறு, சரியாக வருவது வேறு.

இனி எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம்: அறை. சிலப்பதிகாரத்தில், நம்ம ஊரில் நடந்த மாதவியின் அரங்கேற்றத்தைச் சொல்லும்போது இளங்கோவடிகள் என்ன செய்கிறார் பார். ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்கள் என்று ஒவ்வொருவர் தகுதியையும் சொன்ன கையோடு அரங்கத்தின் அளவுக்கு வந்துவிடுகிறார். 24 விரல் கொண்டது ஒரு கோல். அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். மேடைப் பலகைக்கும் மேலே உத்தரப் பலகைக்கும் நடுவில் 4 கோல். இத்தனையும் சொன்ன பிறகுதான் மாதவியின் வலது கால் மேடைமேல் படுகிறது. கலைஞர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் இடத்தின் அளவு சரியாக இருக்க வேண்டும் என்பது புகாரில் தெரிந்த விஷயம். ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

உன் கூடம் 12-க்கு 12 அடி என்று எழுதியிருக்கிறாய். அங்கே வைக்காதே. 12 அடி இடைவெளியில் சுவருக்குச் சுவர் முட்டி நிற்கிற அலை ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸில் வரும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு பக்கமும் அதே சுரத்தில் முட்டும். அந்த ஒரு சுரம் வீங்கி மற்றதை விழுங்கும். எவ்வளவு விலை கொடுத்த ஸ்பீக்கரும் அதை மாற்ற முடியாது. உள் அறை 10-க்கு 14 என்றாயே, அங்கே வை. அதில் ஒரு பக்கம் 57-ஐ ஒட்டியும் மறுபக்கம் 40-ஐ ஒட்டியும் வருவதால் சத்தம் பரவி நிற்கும்.

அடுத்தது எதிரொலி. ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியர் 1895-ல் ஒரு சொற்பொழிவு அறையைச் சரிசெய்யப் போனார். அங்கே ஒரு சத்தம் அடங்க ஐந்தரை நொடி ஆனது. பக்கத்து அரங்கத்தின் மெத்தைகளை இரவெல்லாம் சுமந்து வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எத்தனை நொடி குறைகிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார். கட்டட ஒலியியல் என்ற படிப்பே அங்கேதான் பிறந்தது. உன் வீட்டில் தரை வழவழ டைல்ஸ், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, மேலே கான்கிரீட். நம்ம ஓட்டு வீட்டில் ஓட்டுக்கும் கைமரத்துக்கும் இடுக்கில் சத்தம் சிதறிப் போய்விடும். உன் வீட்டில் போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வரும். தைக்கால் கோரைப்பாய் இரண்டு அனுப்புகிறேன். மெல்லிசுதான், ஆனாலும் வெறும் டைல்ஸைவிடத் தேவலை. அதற்கு மேலே அத்தையின் பழைய பவானி ஜமுக்காளத்தை மடித்துப் போடு. ஜன்னலுக்குக் கனமான திரை. பின்சுவரில் உன் புத்தக அலமாரி. புத்தகங்களை ஒரே வரிசையாக அடுக்காமல் முன்னும் பின்னுமாக வை.

ஸ்பீக்கரைப் பின்சுவரிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி, கனமான ஸ்டாண்டில், உட்காரும்போது ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கும்படி நிறுத்து. இரண்டு ஸ்பீக்கரும் நீயும் சமபக்க முக்கோணம். உன் நாற்காலியைச் சுவரில் ஒட்டிப் போடாதே; சுவரோரம் பேஸ் எப்போதும் ஊதிப்போயிருக்கும். ஒயர் கொடுக்கும்போது இரண்டிலும் சிவப்பு சிவப்புக்கே போகிறதா என்று பார். ஒன்று மாறினாலும் பேஸ் காணாமல் போகும், நடுவில் நிற்க வேண்டிய பாடகர் அறை முழுக்கச் சிதறிப்போவார். கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு ரப்பராக இருக்கட்டும். ஸ்பாஞ்ச் விளிம்பு நம்ம கடலோர ஈரத்தில் சில வருஷத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். ரிப்பேருக்கு வரும் பழைய பெட்டிகளில் பாதி இந்தக் கதைதான்.

கணக்குக்கு வருகிறேன். 3 லட்சத்தையும் ஸ்பீக்கரில் போடாதே. உன் அறைக்கு ஆறு அங்குல வூஃபர் கொண்ட சின்ன ஸ்டாண்ட் ஸ்பீக்கர் தாராளம். ஒன்றரை லட்சத்துக்குள் வேட்டித் திரைக்குப் பின்னால் எது ஜெயிக்கிறதோ அதை எடு. பெயரைப் பார்க்காதே. கொல்கத்தாவில் 1970 முதல் இருக்கும் சோனோடைன் ஜெயித்தாலும் அதையே எடு. இங்கிலாந்துப் பெயர் இல்லையே என்று குறைப்படாதே. மீதியில் ஒரு நல்ல 50 வாட் ஆம்ப், ஸ்டாண்ட், திரை, விரிப்பு. அதற்கும் மிஞ்சினால் மார்கழியில் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கு.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன், இதைத் தட்டாதே. நேரில் கேட்ட நினைவு இல்லாத காதுக்கு எந்த ஸ்பீக்கரும் சரியாகவே தோன்றும். ஒப்பிட அதனிடம் ஒன்றும் இருக்காது. பி.பி.சி.க்காரர்கள் செய்ததும் அதுதான்: முதலில் ஆள், பிறகு பெட்டி. அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை புறப்பட்டு வா. திருவெண்காட்டுக் கோயிலில் சாயரட்சைக்கு நாயனமும் தவிலும் மைக் இல்லாமல் வாசிப்பார்கள். பிரகாரத்தில் உட்கார்ந்து கேள். கொஞ்சம் கிட்டே, கொஞ்சம் தள்ளி, தூணுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று மாறி மாறிக் கேள். அதைக் காதில் வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பி, அதன் பிறகு கடைக்குப் போ. அதுவரை முன்பணம் கட்டாதே.

அக்காவுக்கும் அத்தானுக்கும் என் நமஸ்காரம். குழந்தைக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் மாமா